கயிற்றை இழுக்கும் உரிமை

ஜப்பானிய மொழியில் 'அண்டோன்' என்பது காகிதம் போர்த்திய பழங்கால விளக்கு. 'கன்பான்' என்பது கடை வாயிலில் தொங்கும் பலகை. இவ்விரு எளிய சொற்களும் இன்று உலகத் தொழிற்சாலைகளில் வழங்குவதற்குக் காரணம் டொயோட்டா மோட்டார் நிறுவனமாகும். வேலை எந்நிலையில் உள்ளது, கோளாறு எங்கே நேர்ந்தது என்பவற்றை ஏட்டில் எழுதி மேலதிகாரிக்கு அனுப்பிக் காத்திராமல், அங்கு நிற்போர் யாவரும் ஒரே பார்வையில் அறியுமாறு செய்வதே இம்முறையின் நோக்கம்.

இதன் வித்து மோட்டார்த் தொழிலில் விழுந்ததன்று, நெசவில் விழுந்தது. சாக்கிச்சி டொயோடா 1924-இல் செம்மை செய்து முடித்த தானியங்கித் தறி, ஓர் இழை அறுந்தாலும் உடனே நின்றுவிடும். ஆகவே பழுதான துணி முழம் முழமாகச் சேராது. தறிக்கு ஓர் ஆள் கண்கொட்டாமல் காவல் இருக்கவும் வேண்டியதில்லை. அவர் மகன் கீச்சிரோ 1937-இல் மோட்டார் நிறுவனத்தை அமைத்தார். நெசவாலையிலிருந்து அங்கு வந்து சேர்ந்த தாயீச்சி ஓனோ என்னும் பொறியாளர், தறிக்கு இருந்த அவ்வறிவை மனிதர் கூடி வேலை செய்யும் வரிசைக்கும் ஊட்ட முனைந்தார்.

அது நடைபெறும் விதத்தைக் காண்போம். வண்டிகள் மெல்ல நகர்ந்து செல்லும் வரிசையின் மேலே ஒரு கயிறு ஓடுகிறது. திருகு சரியாக ஏறவில்லை என்று கண்ட தொழிலாளி அதனை இழுக்கிறார். உடனே ஓர் இசை ஒலிக்கிறது. உயரத் தொங்கும் பலகையில் அவர் நிற்கும் இடத்தின் எண் மஞ்சள் ஒளியில் தெரிகிறது. குழுத்தலைவர் விரைந்து வருகிறார். வண்டி அப்பகுதியின் எல்லையைத் தொடுமுன் குறை தீர்ந்தால், மறுமுறை கயிற்றை இழுத்து விளக்கை அணைத்துவிடுவர், வரிசை நிற்பதேயில்லை. தீராவிடில் விளக்குச் சிவக்கும், வரிசை நிற்கும். கயிற்றை இழுத்தாலே ஆலை முழுவதும் நின்றுவிடும் என்று பலர் எண்ணுவது சரியன்று. பெரும்பாலும் அதற்குத் தேவை நேர்வதில்லை.

இங்கே விளக்கைவிட முக்கியமானது, விளக்கைக் கண்டு வருகின்ற ஆள். ஐந்தாறு பேருக்கு ஒரு தலைவர் என்று குழுக்கள் அமைந்திருக்கின்றன. அவர் கங்காணி அல்லர். அக்குழுவின் எல்லா வேலைகளையும் தாமே செய்து பழகியவர். வரிசையில் அவருக்கென்று நிலையான இடம் இல்லாததால், அழைத்தவுடன் வர முடிகிறது. முப்பது பேருக்கு ஒரே மேற்பார்வையாளர் என்றிருப்பின், நான்கு முறை இழுத்தும் எவரும் வராதபோது, ஐந்தாம் முறை தொழிலாளி குறையைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவார். குறையைக் காட்டியவரைக் கடிந்துகொள்ளும் இடத்திலும் அதுவே நிகழும். பலகை மட்டும் அழகாகத் தொங்கிக்கொண்டிருக்கும்!

இதற்கு அமெரிக்காவில் தெளிவான சான்று உண்டு. கலிபோர்னியாவின் ஃபிரிமாண்ட் நகரிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, வேலைக்கு வராமையாலும் ஓயாத பூசலாலும் பேர் கெட்டு 1982-இல் மூடப்பட்டது. வரிசை எக்காரணத்தாலும் நிற்கலாகாது என்பது அங்கு எழுதாச் சட்டம். குறையுள்ள வண்டிகளைப் பின்னர்ப் பழுதுபார்ப்பர். 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே ஆலையைத் திறந்தன. வேலைக்கு எடுக்கப்பட்டோரில் பெரும்பாலார் பழைய தொழிலாளரே; தொழிற்சங்கமும் பழையதே. அவர்களுட் பலர் ஜப்பானுக்குச் சென்று பயின்று வந்தனர். கயிற்றை இழுக்கும் உரிமை அவர்கள் கைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அவ்வாலையின் வண்டிகள் தரத்தில் ஜப்பானிய வண்டிகளை நெருங்கின.

பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் இம்முறையை அதே மாநிலத்து வேன் நைஸ் ஆலையிலும் புகுத்த முயன்றது. அங்கே குழுமுறையைத் தொழிலாளர் பலர் ஐயத்தோடு நோக்கினர். நெடுங்காலம் உழைத்துப் பெற்ற முதுநிலை உரிமை பறிபோகும் என அஞ்சினர். மேலாளர்களுக்கோ வரிசை நிற்பதைப் பொறுக்க மனமில்லை. அவ்வாலை 1992-இல் மூடப்பட்டது. ஃபிரிமாண்ட் ஆலையின் கூட்டு 2010 வரை நீடித்தது.