வெள்ளித்தட்டு முதல் இன்குபேட்டர் வரை

1963 ஆகஸ்ட் 7ஆம் தேதி அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. நாள் நிறைய இன்னும் ஐந்தரை வாரம் இருந்தது. எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். இன்று இந்த எடையில் பிறக்கும் பிள்ளையைப் பார்த்து எந்த மருத்துவரும் பதறமாட்டார். அந்தக் குழந்தைக்கோ பிறந்தவுடனேயே மூச்சு வாங்கத் தொடங்கியது. அமெரிக்காவின் தலைசிறந்த மருத்துவர்கள் கூடினார்கள். பாஸ்டன் நகரில் உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் நிறைவதற்குள் குழந்தை இறந்துவிட்டது.

இன்று பாலஸ்தீனத்தின் பெத்லகேமில் திருக்குடும்ப மருத்துவமனை என்று ஒன்று இருக்கிறது. பாலைவன ஓரத்தில் ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பெண் அங்கே 31 வாரத்தில் பிரசவித்தாலும், குழந்தையைப் பிழைக்கவைத்து வீட்டுக்கு அனுப்ப முடிகிறது. அதிபரின் மகனுக்குக் கிடைக்காதது இடையரின் மகளுக்குக் கிடைக்கிறது. இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, நுரையீரலைப் பற்றிய அறிவு. மற்றொன்று, அந்த மருத்துவமனையை நடத்தும் மால்டா சபை. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் நோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்ட, நைட்டுகள் எனப்படும் வீரர்களின் கத்தோலிக்கச் சபை அது.

முதலில் நுரையீரல். அதற்குள் கோடிக்கணக்கான காற்றுப்பைகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள அவற்றின் உட்சுவரில் மெல்லிய நீர்ப்படலம் படிந்திருக்கிறது. நீருக்குப் பரப்பு இழுவிசை உண்டு. அது பையை உள்நோக்கிச் சுருக்கப் பார்க்கும். பை எவ்வளவு சிறியதோ, அதைத் திறந்து வைக்கத் தேவைப்படும் அழுத்தம் அவ்வளவு அதிகம். இந்த இழுவிசையைத் தளர்த்த நுரையீரல் தானே ஒரு கொழுப்புப் பொருளைச் சுரக்கிறது. அதன் பெயர் சர்ஃபக்டன்ட். கருவின் 24ஆம் வாரத்தை ஒட்டிச் சுரக்கத் தொடங்கும் இது, போதிய அளவை எட்ட ஏறத்தாழ 35 வாரம் ஆகும். அதற்குமுன் பிறக்கும் குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் புது பலூனை முதல் தடவை ஊதுவதுபோலப் பாடுபட வேண்டும். சில மணி நேரத்தில் களைத்துவிடும்.

1959இல் மேரி எலன் ஏவரி என்ற அமெரிக்க மருத்துவர், ஜெரே மீட் என்பவருடன் சேர்ந்து, இப்படி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் இந்தப் பொருள் போதவில்லை என்று காட்டினார். நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்டது, மருந்து இல்லை. கென்னடியின் மகன் பிறந்தது இந்த இடைவெளியில்தான். 1972இல் நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும், பிரசவத்துக்குமுன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் கருவின் நுரையீரல் விரைவில் பக்குவப்படும் என்று மெய்ப்பித்தார்கள். 1980இல் ஜப்பானின் ஃபுஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபக்டன்ட்டைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டார்.

இன்று பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இது அன்றாட வேலை. குளிர்பெட்டியிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுக்கிறார்கள். பால் நிறத்தில் இருக்கும் மருந்தை உடல் சூட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். மெல்லிய குழாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் விடுகிறார்கள். ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சில மில்லி போதும். சில நிமிடங்களிலேயே நீலம் பாரித்திருந்த உடம்பில் சிவப்பு ஏறத் தொடங்கும்.

ஆனால், கண்டுபிடிப்பு தானாக ஏழையின் வாசலுக்கு வந்து சேர்வதில்லை. மருந்துக்குக் குளிர்பெட்டி வேண்டும். குளிர்பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். இரவு மூன்று மணிக்குக் குழாய் செலுத்தத் தெரிந்த கை வேண்டும். பெத்லகேமில் இவற்றோடு இன்னொரு சிக்கலும் உண்டு. எருசலேமின் பெரிய மருத்துவமனைகள் சுமார் பத்து கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. இடையில் இஸ்ரேலின் தடுப்புச் சுவரும் சோதனைச் சாவடியும் நிற்கின்றன. பிரசவ வலி அனுமதிச் சீட்டுக்காகக் காத்திருக்காது.

வின்சென்ட் தே பவுல் சபைக் கன்னியர் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மருத்துவமனை இது. போராட்டச் சூழலில் 1985இல் மூடப்பட்டது. மால்டா சபை பொறுப்பேற்க, 1990இல் மகப்பேறு மருத்துவமனையாக மறுபடி திறந்தது. 32 வாரத்துக்குமுன் பிறக்கும் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்துப் பராமரிக்கும் வசதி அந்த வட்டாரத்தில் இங்கேதான் இருக்கிறது. இங்கே வரும் தாய்மாரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஊழியர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. வர முடியாதவர்களைத் தேடி நடமாடும் மருத்துவ வண்டி பாலைவனக் கிராமங்களுக்குப் போகிறது.

மால்டா சபையின் வேர் எருசலேமில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அமால்ஃபி நகர வணிகர்கள் அங்கே யாத்திரிகர்களுக்காக ஒரு விடுதி கட்டினார்கள். நோயாளிகளையும் அங்கே கவனித்துக்கொண்டார்கள். அதை நடத்திய ஜெரார்டின் குழுவை 1113இல் போப் இரண்டாம் பாஸ்கல் தனிச் சபையாக அங்கீகரித்தார். ஆயுதம் ஏந்தியது அதற்குப் பிறகுதான். எருசலேமை இழந்தபின் ரோட்ஸ் தீவு, 1530 முதல் மால்டா தீவு என்று சபை இடம் மாறியது.

மால்டாவின் தலைநகரான வாலெட்டாவில் 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் கட்டத் தொடங்கிய மருத்துவமனை இன்றும் நிற்கிறது. அதன் பெரிய கூடத்தின் நீளம் மட்டும் சுமார் 155 மீட்டர். ஐரோப்பாவின் பெருநகர மருத்துவமனைகளில் ஒரே கட்டிலில் மூன்று நான்கு பேரைப் படுக்கவைத்த காலத்தில், இங்கே நோயாளிக்கு ஒரு கட்டில் இருந்தது. உணவை வெள்ளித் தட்டில் பரிமாறினார்கள். பிரபுக் குலத்தில் பிறந்த நைட்டுகள் முறைவைத்து அந்தத் தட்டை ஏந்தினார்கள். நோயாளிகளைத் தங்கள் எசமானர்கள் என்று அழைப்பது சபையின் மரபு. அந்த மரியாதைக்கு மட்டுமல்ல, சுத்தத்துக்கும் வெள்ளி உதவியது. மரத்தட்டிலும் மண்கலத்திலும் அழுக்கு ஊறி நிற்கும். வெள்ளியைக் கழுவுவது எளிது. வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் புரதங்களைச் சிதைக்கும் என்பது பின்னாளில் தெரியவந்தது. 1676இல் அங்கே உடற்கூறியல் பள்ளியும் தொடங்கியது.

அதே சபை போர்க்கப்பல்கள் வைத்திருந்தது. சிறைப்பட்டவர்களை அடிமைகளாக்கித் துடுப்பு வலிக்கவைத்தது. வரலாற்றின் இந்தப் பக்கத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1798இல் நெப்போலியன் மால்டாவைப் பிடித்தார். மருத்துவமனையின் வெள்ளிப் பாத்திரங்கள் உருக்கப்பட்டன. நைட்டுகள் தீவையும் கப்பலையும் கோட்டையையும் இழந்தார்கள். 1834இல் ரோமில் குடியேறியபோது அவர்களிடம் எஞ்சியிருந்தது நோயாளிகளைக் கவனிக்கும் பழைய கடமைதான்.

இன்னொன்றும் எஞ்சியது: அவர்களது இறையாண்மை. நாடு இல்லாத ஒரு சபை எப்படி இறையாண்மை பெறும்? சர்வதேச உறவில் மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்வதும் ஒரு தகுதிதான். 1870 முதல் 1929 வரை போப்புக்குக்கூடச் சொந்த நிலப்பரப்பு கிடையாது. ஆனாலும் நாடுகள் அவரோடு தூதுறவு வைத்திருந்தன. அதுபோல, சொந்த நாடு இல்லாத மால்டா சபையோடு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் தூதுறவு கொண்டுள்ளன. 1994 முதல் ஐ.நா.வில் பார்வையாளர் தகுதியும் இருக்கிறது. பிடிக்க நிலமில்லை, ஏவப் படையில்லை என்பதால், கலவர பூமிகளில் மருந்துப் பெட்டியோடு நுழையும்போது இந்தத் தகுதி கைகொடுக்கிறது.

இன்று சபையின் உறுப்பினர்கள் சுமார் 13,500 பேர், ஆண்களும் பெண்களும். அவர்களில் மிகச் சிலரே துறவற வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள், மற்றவர்கள் இல்லறத்தார். இவர்களோடு 80,000க்கும் மேற்பட்ட தொண்டர்கள். ஜெர்மனியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார்கள். கம்போடியாவில் தொழுநோயாளிகளைக் கவனிக்கிறார்கள். ஆண்டுதோறும் நோயாளிகளை லூர்து நகருக்கு யாத்திரை அழைத்துப்போகிறார்கள்.

தருமம் என்றவுடன், நமக்குப் போக மிஞ்சியதைக் கொடுப்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. வாலெட்டாவின் வெள்ளித்தட்டும் பெத்லகேமின் இன்குபேட்டரும் அதைவிட உயர்ந்த அளவுகோலை வைக்கின்றன: அந்தந்தக் காலத்தில் மனித அறிவு எட்டிய மிகச் சிறந்தது எதுவோ, அது ஏழைக்கும் கிடைக்க வேண்டும். நீங்கள் எந்த மதத்தவரானாலும், ஓர் இலவச மருத்துவமனைக்கோ முகாமுக்கோ உதவும் நிலையில் இருந்தால், இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எந்தச் சிகிச்சையைத் தேடுவீர்களோ, அதையே அங்கே வருகிற பிள்ளைக்கும் கேளுங்கள்.