ஊட்டி செலவில் பாங்காக்... நிஜமாகவே கணக்கு இடிக்காதா?

‘‘மே மாசம் ஊட்டிக்குப் போய் டிராஃபிக்ல நிக்கிற காசுக்கு, பாங்காக்கே போயிட்டு வந்துடலாம்!’’ - ஆபீஸ் கேன்டீனிலும் அபார்ட்மென்ட் வாசலிலும் இப்போது அடிக்கடி காதில் விழும் வசனம் இது. 2023 நவம்பரில் தாய்லாந்தும், டிசம்பரில் மலேசியாவும் ‘இந்தியர்களுக்கு விசா வேண்டாம்’ என்று சொன்னதிலிருந்தே இந்தப் பேச்சு கூடிவிட்டது.

சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், எத்தனை பேராகப் போனார்கள், எந்த மாதம் போனார்கள், அங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்காமல் அந்தக் கணக்கை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவந்தால் பட்ஜெட்டில் பெரிய துண்டு விழும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘அந்த நாட்டுல விலைவாசி கம்மி’ என்கிறோமே, அது யாருக்குக் கம்மி? ஒரு நாட்டில் வாழ ஆகும் செலவு என்று இணையத்தில் வரும் பட்டியல்களைப் பாருங்கள். வீட்டு வாடகை, பால், கரன்ட் பில், ஸ்கூல் ஃபீஸ் என்று இருக்கும். நாலு நாள் சுற்றிப் பார்க்கப் போகிற நாம் இதில் ஒன்றைக்கூட வாங்கப்போவதில்லை. நாம் வாங்குவது விமான டிக்கெட், ஹோட்டல் ரூம், டாக்ஸி, நுழைவுச்சீட்டு, ஹோட்டல் சாப்பாடு.

வாழும் செலவில் இந்தியாவை அடித்துக்கொள்ள ஆள் குறைவு. அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருளும் சேவையும் இங்கே சராசரியாகச் சுமார் 20 ரூபாய்க்கே கிடைத்துவிடுகிறது என்கிறது உலக வங்கியின் வாங்கும் திறன் கணக்கு. பேங்கில் ஒரு டாலர் வாங்க அதைப்போல நாலு மடங்குக்கு மேல் கொடுக்கிறோம். முடிவெட்டுவது, வீட்டு வேலை, ஆட்டோ போன்ற மனித உழைப்புக்கு இங்கே கூலி குறைவு என்பதுதான் முக்கியக் காரணம். (அது பெருமைப்படும் விஷயமா என்பது வேறு கட்டுரை!) ஆனால், ஹோட்டல் ரூமுக்கு இந்த லாஜிக் செல்லாது. அந்த வாரம் எத்தனை ரூம் இருக்கிறது, எத்தனை பேர் அதற்கு அடித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அதன் வாடகையை முடிவு செய்கிறது.

அவங்களுக்கு ஆஃப் சீசன், நமக்கு லீவு

ஊட்டியும் கொடைக்கானலும் மே மாதத்தில் ஏன் எகிறுகின்றன? தமிழ்நாடு முழுக்க ஸ்கூல் லீவு ஒரே நேரத்தில் விடுகிறது. மலையோ அதே மலைதான். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பே வைத்தார்கள். அந்த அளவுக்கு நெரிசல். சாதாரண நாளில் 2,500 ரூபாய்க்குக் கிடைக்கும் ரூமுக்கு மே மாத சனிக்கிழமை 6,000 கேட்டால் ஆச்சர்யப்பட ஒன்றுமில்லை.

தாய்லாந்தில் கதையே வேறு. குளிருக்குப் பயந்து ஐரோப்பியர்கள் வந்து குவியும் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் அங்கே சீசன். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம் என்பதால் ஹோட்டல்கள் வாடகையைக் குறைத்து ஆள் பிடிக்கின்றன. நம் ஸ்கூல் லீவு சரியாக அவர்களுடைய ஆஃப் சீசனில் போய் விழுகிறது. ‘ஊட்டியைவிட பாங்காக் சீப்’ என்பதில் உள்ள பாதி உண்மை இதுதான். இதையே டிசம்பர் கடைசியில் சொல்லிப் பாருங்கள், எடுபடாது. ஏப்ரல் நடுவில் நம் சித்திரை முதல் நாளை ஒட்டி வரும் அவர்களுடைய சொங்க்ரான் புத்தாண்டும் விதிவிலக்கு. ஊரே தண்ணீர் அடித்து விளையாடும், ரூமும் கிடைக்காது.

ஆஃப் சீசனுக்கு ஒரு விலை உண்டு. பாங்காக்கில் மழை பெரும்பாலும் சாயங்காலம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும், சமாளிக்கலாம். ஆனால் புக்கெட், கிராபி பக்கம் கடல் கொந்தளிக்கும், படகுகள் கேன்சலாகும். சிமிலன் தீவுகளை மே நடுவில் மூடினால் அக்டோபர் நடுவில்தான் திறப்பார்கள். விளம்பரத்தில் நீலக்கடல் படத்தைப் பார்த்து ஜூனில் கிராபி பேக்கேஜ் எடுத்தால், ரூம் ஜன்னல் வழியாக மழையைத்தான் ரசிக்க வேண்டியிருக்கும். கிழக்குப் பக்கம் உள்ள கோ சாமுய் தீவில் அந்த மாதங்களில் மழை குறைவு.

தலைக்கணக்கா, வண்டிக் கணக்கா?

இதுதான் பலரும் கோட்டைவிடும் இடம். உள்ளூர் டிரிப்பில் பெரிய செலவுகள் வண்டிக்கும் ரூமுக்கும் ஆகின்றன. வெளிநாட்டு டிரிப்பில் பெரிய செலவு தலைக்கு ஆகிறது. காரில் ரெண்டு பேர் போனாலும் ஆறு பேர் போனாலும் வாடகை ஒன்றுதான். விமானத்தில் ரெண்டு வயது நிறைந்த குழந்தைக்கும் தனி சீட், தனி டிக்கெட்.

எண்கள் வெறும் உதாரணத்துக்குத்தான். உங்கள் தேதிக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து ஊட்டிக்கு டிரைவரோடு வாடகை இன்னோவா, போக வர, சுற்றிப் பார்க்க எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய். மே மாதம் நாலு ராத்திரிக்கு ரூம் 6,000 வீதம் 24,000. கணவன் மனைவி ரெண்டு பேர் என்றால் மொத்தம் 48,000. பாங்காக்குக்கு முன்கூட்டியே புக் செய்த டிக்கெட் தலைக்கு 18,000 வீதம் 36,000. நாலு ராத்திரி ரூம் 3,000 வீதம் 12,000. அதே 48,000! கேன்டீன் வசனம் பலித்துவிட்டது.

இப்போது தாத்தா, பாட்டி, ரெண்டு பிள்ளைகள் சேரட்டும். ஆறு பேர், ரெண்டு ரூம். ஊட்டிக் கணக்கில் கார் அதே 24,000, ரூம் 48,000, மொத்தம் 72,000. பாங்காக் கணக்கில் டிக்கெட் மட்டுமே 1,08,000, ரூமுக்கு 24,000, மொத்தம் 1,32,000. சாப்பாடு, என்ட்ரி டிக்கெட் எல்லாம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அந்த வசனத்தைச் சொல்பவர்களில் புதுமணத் தம்பதிகளும் பேச்சிலர்களும் அதிகமாக இருப்பது தற்செயல் இல்லை.

பில்லில் தெரியாதவை

பாஸ்போர்ட் இல்லாத வீடு என்றால், பெரியவர்களுக்குத் தலா 1,500, பிள்ளைகளுக்குத் தலா 1,000 என நாலு பேருக்கு 5,000 ரூபாய் முதலிலேயே வைக்க வேண்டும். பெரியவர்களுடையது பத்து வருடம் வரும். பிள்ளைகளுடையது அஞ்சு வருடத்தில் தீர்ந்துவிடும்.

அடுத்தது கார்டு. பல பேங்குகள் வெளிநாட்டில் தேய்க்கும் தொகைக்கு 2 முதல் 3.5 சதவிகிதம் எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி வேறு. தாய்லாந்து ஏ.டி.எம்-கள் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவுக்குப் பிடிக்கின்றன. ஆயிரம் ஆயிரமாக எடுத்தால் அஞ்சில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். மெஷினில் ‘ரூபாயில் கட்டவா, பாட்டில் கட்டவா?’ என்று கேட்டால் பாட் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அவர்களே தங்கள் வசதிக்கு வைத்துக்கொள்வார்கள்.

நுழைவுச்சீட்டில் உள்ளூர்க்காரருக்குத்தான் யோகம். தாஜ்மஹாலுக்கு நமக்கு 50 ரூபாய், வெளிநாட்டவருக்கு 1,100 ரூபாய் (உள்ளே கல்லறை மாடத்துக்கு எல்லோருக்கும் கூடுதலாக 200). பாங்காக் அரண்மனையில் தாய்லாந்துக்காரர்களுக்கு இலவசம், நமக்கு 500 பாட். மலேசியாவில் வெளிநாட்டவர் தங்கினால் ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி.

சாப்பாட்டில் நம் நாக்குதான் பட்ஜெட் போடுகிறது. பாங்காக் தெருக்கடைகளில் மலிவாகவே வயிறு நிறையும். ஆனால் சைவம் என்றால் சிக்கல். காய்கறிப் பொரியலில்கூட மீன் சாஸ் விழும். மஞ்சள் நிறத்தில் ‘ஜே’ என்று தாய் எழுத்தில் போட்டிருக்கும் கடைகளைத் தேட வேண்டும். இல்லையென்றால் இந்திய ரெஸ்டாரன்ட்தான். ஒருவேளைக்குப் பில் பல மடங்காகிவிடும். பாட்டியோடு போகிற சைவக் குடும்பத்துக்கு இந்த விஷயத்தில் மலேசியாதான் லாபம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

தாய்லாந்து, மலேசியா இரண்டுக்குமே கிளம்பும் முன் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள். விசா விதிகளும் அடிக்கடி மாறுபவை. டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

விமானத் தலைக்கணக்கு பயமுறுத்துகிறதா? நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்ட்டில் மறுபடி கிளம்பியது. இறங்கினால் யாழ்ப்பாணம் கூப்பிடு தூரம். பேச்சு தமிழ், சோறு, குழம்பு கிடைக்கும், நம் ஒரு ரூபாய்க்கு மூன்றுக்கு மேல் இலங்கை ரூபாய் வரும், 2024 பிப்ரவரியிலிருந்து பல கடைகளில் யு.பி.ஐ-யும் வேலை செய்கிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் கப்பல் நிற்கும் என்பதால், தீபாவளி லீவுக்கு இதை நம்பி பிளான் போடாதீர்கள்.