வீட்டுக் கொல்லையில் விண்பதியம் போடும் முறை

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கிணற்றடியிலும் வீட்டுக் கொல்லையிலும் கொய்யா மரம் வைத்திருக்கும் குடியானவர்கள் பலர். அம்மரங்களுள் ஏதேனும் ஒன்று பருத்த, சதைப்பற்று மிகுந்த, விதை குறைந்த பழங்களைக் கொடுத்து ஊராரின் கண்ணைக் கவர்ந்திருக்கும். அயலார் அதன் பழத்திலிருந்து விதை எடுத்து முளைக்கவைத்து, மூன்று நான்கு வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்தபின், எலுமிச்சங்காய் அளவில் விதையே நிறைந்த காய்களைக் கண்டு மனம் சோர்வதும் சாதாரணமாக நடப்பதே. இது மண்ணின் குற்றமன்று. கொய்யாவின் பூவில் வேறு மரத்து மகரந்தமும் கலப்பதால், விதையில் பிறக்கும் கன்று தாயின் குணத்தை அப்படியே கொண்டிருக்குமென்று சொல்வதற்கில்லை. தாய் மரத்தின் கிளையையே வேர்விடச் செய்து பிரித்தெடுத்தால் மட்டுமே அதே பழம் நிச்சயம்.

கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் உண்டாக்குவதற்கு விண்பதியம் என்று பெயர். சீன தேசத்தார் பல நூற்றாண்டுகளாக இதைக் கையாண்டு வருகின்றனர். வட இந்தியத் தோட்டக்காரர் இதனைக் ‘கூட்டி’ என்பர். விலை கொடுத்து வாங்கவேண்டிய கருவி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. கூரிய பேனாக்கத்தி ஒன்று, தேங்காய் உடைத்த கொட்டாங்கச்சி, கொஞ்சம் நார், கயிறு இவையே போதும்.

இம்முறையின் காரணத்தை அறிந்துகொண்டால் தவறு நேராது. வேர் உறிஞ்சும் நீர் கிளையின் கட்டை வழியாக மேலேறுகிறது. இலைகள் தயாரிக்கும் உணவோ பட்டை வழியாகக் கீழிறங்குகிறது. பட்டையை மட்டும் ஒரு வளையமாக நீக்கிவிட்டால் மேலேறும் நீருக்குத் தடையில்லை. ஆகவே கிளை வாடுவதில்லை. கீழிறங்கும் உணவு மட்டும் வெட்டின் மேல் விளிம்பில் தேங்கி, அவ்விடம் தடித்து, ஈரமும் இருளும் கிடைத்தால் வேராகப் புறப்படுகிறது. வேர் வருவது எப்பொழுதும் மேல் விளிம்பிலேயாம். ஆகையால் பொதியின் நடுப்பாகம் வெட்டின்மேல் அமையாமல், மேல் விளிம்பின்மேல் அமையுமாறு கட்டவேண்டும். இச்சிறு விஷயத்தைக் கவனியாமல் கட்டிய பொதிகள் பல வீணாகின்றன.

ஒரு வருஷத்துக் கிளையாய், பென்சில் பருமனுக்குக் குறையாமல், நன்றாக வெயில் படும் பக்கத்தில் இருப்பதைத் தெரிந்துகொள்க. நுனியிலிருந்து ஒன்றரை அடி கீழே, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழாக, ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையைச் சுற்றிலும் அறுத்து உரிக்கவேண்டும். உரித்தபின் கட்டையின்மேல் வழுவழுப்பான ஒரு படலம் தங்கியிருக்கும். கத்தியின் முதுகால் அதைச் சுரண்டிவிடாவிட்டால் அதிலிருந்து புதுப் பட்டை வளர்ந்து இரு விளிம்பும் கூடிவிடும், வேர் வராது. இரண்டு மாதம் காத்திருந்து பொதியைப் பிரித்துப் பார்ப்பவர் ஆறிய காயத்தை மட்டும் காண்பதற்கு இதுவே காரணம்.

பொதிக்கு வேண்டிய பொருள் தேங்காய் நார்க்கழிவாகும். புது நார்க்கழிவிலுள்ள துவர்ப்பு வேருக்கு ஆகாது. ஆகையால் சில நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவி, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில் எடுத்துக்கொள்ளவேண்டும். அது கிடைக்காத இடத்தில் தென்பெண்ணை வண்டல் இரு பங்கும், நன்றாக மக்கிய சாணம் ஒரு பங்கும், நறுக்கிய நாரும் கலந்து பிசைந்து உருட்டலாம். பச்சைச் சாணம் கூடாது; அது சூடு கொள்வதோடு கரையானையும் அழைக்கும்.

கூடு செய்வதற்குத் தேங்காயைச் சரிபாதியாக உடைத்த இரு மூடிகளின் ஓடும் வேண்டும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் எதிரெதிராக இரண்டு இடங்களில், கிளை நுழையும் அளவுக்கு இரம்பத்தால் பள்ளம் எடுக்கவேண்டும். கண்ணுள்ள ஓட்டின் கண்ணைக் குத்தித் திறந்துவிட்டு, சாய்ந்த கிளையானால் அந்த ஓடு கீழே வருமாறு பொருத்தினால் மிகுதியான நீர் அவ்வழியே வடியும். இரு ஓட்டிலும் நாரை அழுத்தி நிரப்பி, வெட்டைக் கவ்வும்படி சேர்த்து, குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டும். ஓடு ஆடினால் இளவேர் அறுந்துபோம். பருத்த கிளைக்குக் கொட்டாங்கச்சி போதாது. நெடுக்குவாக்கில் பிளந்த மூங்கில் கணுவையாவது, இரண்டாக வெட்டிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியையாவது பயன்படுத்தலாம். புட்டி ஒளியை விடுமாதலால் அதன்மேல் சாக்குத் துண்டைச் சுற்றவேண்டும்.

முற்காலத்தார் பொதிக்கு மேலே அடியில் துளையிட்ட ஒரு கலயத்தைத் தொங்கவிட்டு, துணித்திரி வழியாக நீர் சொட்டும்படி செய்தனர். அமெரிக்காவில் புளோரிடாவைச் சேர்ந்த வில்லியம் குரோவ் என்பார் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் பொதியைச் சுற்றும் முறையை 1947இல் எழுதி வெளியிட்டார். அதன்பின் பாலிதீன் தாள் எங்கும் பரவிற்று. ஈரத்தை வெளியே விடாத அத்தாளைச் சுற்றினால் நாள்தோறும் நீர் ஊற்றவேண்டியதில்லை. கழுவிய பால் உறையை வெட்டி விரித்து, நாரைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் கொட்டாங்கச்சியைப் பொருத்தினால் இரு முறையின் நன்மையும் கிடைக்கும். காக்கையும் அணிலும் தாளைக் கிழிப்பதற்கும் இடமில்லை. தாள் இன்றி ஓட்டை மட்டும் கட்டியவர் மழையில்லாத நாளில் மேல் பள்ளத்தின் வழியாக நீர் விட மறக்கலாகாது. பொதி ஒரு முறை உலர்ந்தாலும் தோன்றிய வேர் கருகிவிடும்.

ஆடி மாதம் இதற்கு ஏற்றது. ஆறு முதல் எட்டு வாரத்தில் கொய்யாவில் வேர் நிரம்பும். கட்டை அவிழ்த்து ஓர் ஓட்டை மட்டும் மெல்ல நீக்கிப் பார்க்கலாம். வெண்ணிற வேர் நாலைந்து மட்டும் கண்டால் மறுபடி மூடிவிடுவதே நலம். அவை கிளைத்துப் பழுப்பேறியபின் அறுக்கலாம்.

வேர் உண்டாக்குவதைவிட அறுத்தபின் கன்றைக் காப்பதே அரிது. வேர் வரும்வரை கிளையைத் தாய் மரம் போஷிக்கிறது. அறுத்த அன்றே, கைப்பிடியளவு வேர் அத்தனை இலைக்கும் நீர் கொடுக்கவேண்டியதாகிறது. ஒரேயடியாக வெட்டி வெயிலில் நட்ட கன்று மூன்றாம் நாள் கருகுவதில் ஆச்சரியமில்லை. ஆகையால் பொதிக்குக் கீழே முதலில் பாதி ஆழத்துக்கு மட்டும் வெட்டி, பத்து நாள் கழித்து மாலை வேளையில் முற்றும் அறுக்கவேண்டும். இலைகளில் பாதியைக் கிள்ளிவிடவேண்டும். பச்சை இலையைக் கிள்ளப் பலருக்கு மனம் வருவதில்லை. உறையையும் ஓட்டையும் மட்டும் நீக்கி, நார் உதிராமல் தொட்டியிலோ பழைய எண்ணெய் டின்னிலோ நட்டு, நான்கு வாரம் நிழலில் வைக்கவேண்டும். புதுத் தளிர் விடும்வரை உரம் கூடாது.

புரட்டாசியில் அறுத்த கன்றை ஐப்பசி மழையிலேயே நிலத்தில் நடுவது வழக்கமாயினும், இப்பகுதிக்கு அது உகந்ததன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணையில் பெருகிய வெள்ளத்தை இங்குள்ளார் மறந்திரார். இளங்கன்றின் வேர் தேங்கிய நீரில் அழுகும். தொட்டியிலுள்ள கன்றைத் திண்ணைக்கு எடுத்துவிடலாம். நிலத்தில் நட்டதை அவ்வாறு செய்ய இயலாது. கிணறு நிறைந்திருக்கும் தை மாதத்தில் நடுவதே உசிதம்.

எல்லா மரத்துக்கும் விண்பதியம் பொருந்தும் என்று எண்ணலாகாது. மாவுக்கு ஒட்டுக் கட்டுவதே சிறந்தது. எலுமிச்சையின் ஒரே விதையில் பல முளைகள் தோன்றி, அவற்றுட் பெரும்பாலானவை தாயையே ஒத்திருப்பதால் விதைக்கன்றே போதும். விதையில்லா வகைக்கு மட்டும் பதியம் வேண்டும். மாதுளை முற்றிய குச்சியை நட்டாலே துளிர்க்கும்.

முந்திரியைக் குறித்துத் தனியே எச்சரிக்கவேண்டும். அதிலும் விண்பதியம் வேர்விடும். ஒரு காலத்தில் அக்கன்றுகளை நட்டும் வந்தனர். ஆனால் பதியக் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது. 30-12-2011 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய ‘தானே’ புயலில் பண்ணுருட்டிப் பக்கத்தில் முதிர்ந்த முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைக் கண்டவர்கள், ஆணிவேரற்ற மரத்தைத் தோப்பாக வைக்கத் துணியார். முந்திரிக்கு இளந்தண்டு ஒட்டுக்கன்றுகளே வேண்டும். கொய்யா குட்டையாக வளர்வதாலும், கொல்லையில் சுவரின் மறைவு இருப்பதாலும் அவ்வளவு அபாயமில்லை; எனினும் முதல் இரண்டு வருஷம் முட்டுக்கோல் நாட்டிக் கட்டவேண்டும்.

தாய் மரத்தை ஒரு பருவக் காய்ப்பைக் கண்டு தீர்மானிக்காமல் இரண்டு மூன்று வருஷம் கவனித்துத் தெரிந்துகொள்ளவேண்டும். வாடல் கண்ட மரத்தையும், இலை மஞ்சள் பாரித்த எலுமிச்சையையும் தொடவே வேண்டாம். குணம் வரும் வழியிலேயே நோயும் வரும். பள்ளிக்கூடத்து வளாகத்தில் நல்ல கொய்யா மரம் நிற்கும் ஊர்களில், ஊராட்சியார் அதில் ஆண்டுதோறும் சில கிளைகளுக்குப் பதியம் கட்டச்செய்து வேண்டியவர்க்குக் கொடுத்தால், கன்று வாங்கும் செலவு மிச்சமாவதோடு இன்ன மரத்துக் கன்று என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

பதியக் கன்று நட்ட முதல் வருஷமே பூக்கத் தொடங்கும். அப்பூக்களைக் கிள்ளிவிடவேண்டும். அறுத்த கிளையின் அடிக்குற்றியைத் தாய் மரத்தில் கவட்டை ஒட்டி வெட்டிவிட்டு, கொட்டாங்கச்சிகளைக் கழுவி உலர்த்தி அடுத்த ஆடிக்கு எடுத்துவைக்கலாம்.