எல்லாத்தையும் விட்டுட்டுப் போகணுமா? முதல்ல கணக்கை முடிங்க!



"50 தாண்டியாச்சு சார். பசங்க செட்டில் ஆனதும் எல்லாத்தையும் விட்டுட்டு ஏதாவது ஆசிரமத்துல போய் உட்கார்ந்துடலாம்னு இருக்கேன்."

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வரவு செலவு பார்க்க உட்கார்ந்தாலே இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். சின்ன வெங்காயம் போடுகிறவரும் சொல்வார், சிமென்ட் ஆலையில் வேலை பார்ப்பவரும் சொல்வார். சொல்கிற பலருக்கு ஒரு வீட்டுக் கடன், ஒரு நகைக் கடன், மச்சானுக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாம் பாக்கி இருக்கும்.

அதனால் இன்று, நிஜமாகவே பின்வயதில் மடத்துக்குப் போனவர்கள் கதையையும் அதன் பின்னால் இருக்கும் பணக் கணக்கையும் பார்ப்போம்.

காவிரிக் கரையில் ஒரு மடம்

குளித்தலை பக்கத்தில், தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் என்ற கிறிஸ்தவ ஆசிரமம் இருக்கிறது. இன்று அது கரூர் மாவட்டம். அன்றைக்கு அந்த ஊர், பெரம்பலூர், அரியலூர் எல்லாமே ஒன்றுபட்ட திருச்சி மாவட்டம்தான். 1950ல் இதைத் தொடங்கியவர்கள் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள். ஒருவர் ஆன்றி லெ சோ. சின்ன வயதிலேயே பெனடிக்ட் சபைத் துறவி ஆனவர். இன்னொருவர் ஜூல் மோன்சானின். பங்கு குருவாக இருந்துவிட்டு, 54 வயதில் இந்த மட வாழ்க்கைக்கு வந்தவர்.

1968ல் அந்த இடத்தின் பொறுப்பை ஏற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பீட் கிரிஃபித்ஸ். பெனடிக்ட் சபையில் 26 வயதிலேயே சேர்ந்திருந்தாலும், தண்ணீர்ப்பள்ளிக்கு வரும்போது அவருக்கு வயது 61. நம்ம ஊர் கணக்கில் ரிட்டயர் ஆகிற வயசு! அதன்பிறகு 25 வருஷம் இங்கேயே இருந்தார். 1990ல் பக்கவாதம் வந்தது. 1993ல் 86 வயதில் இறக்கும்வரை பார்த்துக்கொண்டது கூட இருந்தவர்கள்தான்.

இதே பீட் 1947ல் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ மடத்தின் தலைவராக இருந்தார். துறவிகள் எண்ணிக்கை கூடியது, ஆனால் மடத்தை நடத்தப் போதுமான நிதி ஆதாரம் சேரவில்லை. கடைசியில் வேறு மடத்துக்கு அனுப்பப்பட்டார். மடமாக இருந்தாலும் கேஷ் ஃப்ளோ வேணும் பாருங்க.

1500 வருஷத்துக்கு முந்தைய ஒழுங்கு

பெனடிக்ட் எழுதிய ஒழுங்கு 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 73 அத்தியாயம். ஒரு ஆடிட்டர் கண்ணால் படித்தால் ஆச்சரியமாக இருக்கும்.

அத்தியாயம் 32: மடத்தின் கருவிகள், துணிமணிகளுக்குத் தலைவர் பட்டியல் வைத்திருக்க வேண்டும். நாம் சொல்லும் சொத்துப் பதிவேடு இதுதான்.

அத்தியாயம் 58: சேருகிறவர் தன் சொத்தை முன்னதாகவே ஏழைகளுக்கோ மடத்துக்கோ கொடுத்துவிட வேண்டும். தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அவர் கழற்றிய பழைய உடையை மடம் பத்திரமாக வைத்திருக்கும். ஒருநாள் வெளியேறினால் அதைப் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

அத்தியாயம் 63: சீனியாரிட்டி சேர்ந்த நேரத்தை வைத்துத்தான். 50 வயதில் வருகிற மேனேஜர், நேற்று சேர்ந்த 20 வயதுப் பையனுக்கு ஜூனியர். லேட்டாக வருகிறவருக்குப் பணத்தை விடுவதைவிட இதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கடன் இருந்தால் கதவு திறக்காது

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. கடன் சுமை இருந்து, அதைத் தீர்க்க வழி இல்லாதவரைப் பயிற்சிக்குச் சேர்க்கக் கூடாது (விதி 644). திருமண பந்தம் நீடிக்கும்போது கணவனோ மனைவியோ சேர்ந்தால் அந்தச் சேர்க்கை செல்லாது (643). முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் சொத்து நிர்வாகத்தை வேறு ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் உயில் எழுதியே ஆகணும் (668). வெளியேறினால் இத்தனை வருஷம் உழைத்ததற்குக் காசு கேட்க உரிமை இல்லை. சபை பரிவோடு பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் (702).

அதாவது, கடன்காரருக்கும் வீட்டாருக்கும் பதில் சொல்லாமல் ஓடி வருவதை மடமே ஏற்பதில்லை.

துறவிக்கும் டிடிஎஸ்

அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்க்கும் கன்னியாஸ்திரிகள், குருக்கள் வாங்கும் சம்பளம் முழுக்க சபைக்குப் போய்விடும். "கையில் நிற்காத பணத்துக்கு எதுக்கு வரி?" என்று தமிழ்நாட்டில் வழக்கு நடந்தது. 2019ல் சென்னை உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் வரித்துறை பக்கம் தீர்ப்பு சொன்னது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. சம்பளம் முதலில் உங்கள் வருமானம். அதன்பிறகு யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பது உங்கள் விருப்பம். வறுமை வார்த்தைப்பாடு வரியைத் தடுக்காது.

நீங்க செய்ய வேண்டியது

மடமோ, ஆசிரமமோ, சொந்த ஊர்த் தோட்டமோ, எங்கே போனாலும் இந்த ஐந்தையும் முடிச்சுட்டுப் போங்க.

1. எல்லாக் கடனையும் அடைத்து, வங்கியிடம் தடையில்லாச் சான்று வாங்குங்க.

2. ஜாமீன் கையெழுத்துகளைப் பட்டியல் போடுங்க. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நீங்க எங்கே இருந்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான்.

3. இரண்டு சாட்சிகளோடு உயில் எழுதுங்க. நாமினி போட்டது மட்டும் போதாது. பொதுவாக நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர்தான்.

4. அரசு வேலை, பழைய ஓய்வூதியத் திட்டம் என்றால் அவசரப்பட்டு ராஜினாமா கடிதம் கொடுக்காதீங்க. ராஜினாமா செய்தால் பழைய சர்வீஸ் போய்விடும். தகுதி இருந்தால் விருப்ப ஓய்வு கேளுங்க.

5. மனைவி, வயதான அப்பா அம்மா இருந்தால் அவர்கள் மாதச் செலவும் மருத்துவக் காப்பீடும் உங்கள் கையை எதிர்பார்க்காமல் ஓடும்படி செய்யுங்க. அதுவரை தனியாகப் புறப்படாதீங்க.

பீட் கிரிஃபித்ஸுக்குக் கடைசிக் காலத்தில் துணைக்கு ஒரு மடமே இருந்தது. நீங்க விட்டுட்டுப் போகிற வீட்டில் இருப்பவர்களுக்கு யார் இருக்காங்க? அதற்குப் பதில் எழுதி வைத்த பிறகு டிக்கெட் போடுங்க.

உங்கள் கேள்விகளை கமென்ட்டில் போடுங்க. உயில் எழுதுவது பற்றி அடுத்த வீடியோவில் விரிவாகப் பேசுவோம்.