கொரோனா காலத்துக் கிறிஸ்துமஸும் என் பேரப்பிள்ளைகளும்



டிசம்பர் பிறந்துவிட்டால் மளிகை மொத்த வியாபாரிக்கு வீடு மறந்துபோகும். மைதா, சீனி, டால்டா, முந்திரி, உலர்ந்த திராட்சை என்று சரக்கு வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். 24-ஆம் தேதி இரவு பதினொரு மணிக்குக் கணக்கை முடித்து, ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். அதிகாலை ஆராதனைக்குக் கண் எரிச்சலோடு போய் வந்து, பகல் முழுவதும் தூங்குவேன். பாளையங்கோட்டையில் நாற்பது வருஷம் கடை நடத்திய எனக்கு, என் பிள்ளைகள் சிறுவயதில் கிறிஸ்துமஸை எப்படிக் கொண்டாடினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

சின்னப் பிள்ளைகளோடு ஒரு கிறிஸ்துமஸ் நாளை முழுவதுமாக இருந்து பார்த்தது 2020-ல்தான். அதற்கு நோய் ஒன்று வரவேண்டியிருந்தது.

துக்க வீடு

அந்த வருஷத்தை நம்மில் யாரும் மறக்கவில்லை. மார்ச் 24-ஆம் தேதி மாலை 144 தடை உத்தரவு; மறுநாளிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு. மளிகை அத்தியாவசியப் பொருள் என்பதால் நாம் மட்டும் கடையைத் திறந்துவைத்தோம். ஏப்ரல் 12-ஆம் தேதி வந்த ஈஸ்டர் வீட்டுக்குள்ளேயே முடிந்தது. செப்டம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் முழுமையாகத் திறந்தன. பள்ளிக்கூடம் டிசம்பரிலும் திறக்கவில்லை. அப்போது என் பேத்திக்கு வயது ஏழு, பேரனுக்கு நாலு. ஒன்பது மாதமாக இரண்டும் வீட்டுக்குள்ளேயே கிடந்தன.

ஆகஸ்டில் என் அண்ணன் கொரோனாவில் இறந்துபோனார். 37 வருஷம் ஒரே கல்லாவில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அடக்கத்துக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்பது சட்டம். ஊரெல்லாம் பழக்கமுள்ள மனிதர், நாலு பேர் தோளில்கூடப் போகவில்லை.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா என்றால் அவர்தான். வருஷம் தவறாமல் 24-ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையை விட்டு எழுந்து போய், சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியும் போட்டுக்கொண்டு தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுப்பார். "சீசன் நேரத்துல கல்லாவ விட்டுட்டுப் போறீங்களேண்ணே" என்று நான் முணுமுணுப்பேன். "கல்லா எங்கயும் போவாதுடே. பிள்ளைய வளந்துரும்" என்பார்.

எங்கள் பக்கத்தில் துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் பலகாரம் சுடுவதில்லை, ஸ்டார் கட்டுவதில்லை. சொந்தக்காரர்கள்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொரோனா பயத்தில் யார் வீட்டுக்கு யார் பலகாரம் கொடுப்பது? டிசம்பர் 1-ஆம் தேதி எதிர்வீட்டில் ஸ்டார் எரிந்தது. "தாத்தா, நம்ம ஸ்டார் எங்க?" என்று பேரன் கேட்டான். பேத்தி அவன் வாயைப் பொத்தினாள். ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மூன்று நாள் கழித்து மதினியே சொன்னார்கள்: "அவுக இருந்தா பிள்ளைகள இப்படி இருட்டுல வச்சிருப்பாகளா தம்பி? ஸ்டார கட்டுங்க." பட்டாசு வேண்டாம், விருந்து வேண்டாம், பிள்ளைகளுக்கு மட்டும் பண்டிகை உண்டு என்று முடிவுசெய்தோம்.

கடையில் கண்டது

இனி வியாபாரத்துக்கு வருகிறேன். கேரல் ரவுண்ட்ஸ் கிடையாது; அதனால் பிஸ்கட், மிட்டாய் ஆர்டர் விழுந்துவிட்டது. ஞாயிறு பள்ளி விழாக்கள் நின்றதால் மொத்தமாக வாங்கும் கை நின்றது. அதிரசம், முறுக்கு, முந்திரிக்கொத்து எல்லாம் பத்து வீட்டுக்குக் கொடுப்பதற்காகச் சுடுவது. கொடுப்பதற்கு ஆள் இல்லையென்றால் சுடுவது ஐந்தில் ஒரு பங்குதான். வழக்கமாக மூட்டைக்கணக்கில் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் பாதிக்கும் குறைவாகக் கேட்டார்கள்.

ஆனால் கேட்காத சரக்கைக் கேட்கவும் வந்தார்கள். பேக்கிங் பவுடர், கோகோ, வெனிலா எசன்ஸ், டூட்டி ஃப்ரூட்டி! பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சமாளிக்கமுடியாத தாய்மார்கள் குக்கரில் உப்பைப் பரப்பிக் கேக் செய்யப் பழகியிருந்தார்கள். அரைக் கிலோ மைதா, அரைக் கிலோ சீனி, எசன்ஸ், பேக்கிங் பவுடர், 100 கிராம் டூட்டி ஃப்ரூட்டி என்று ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கும்படி என் மருமகள் யோசனை சொன்னாள். சில்லறைக் கடைகளுக்கு அப்படியே அனுப்பினோம். லாபம் பெரிதில்லை. ஆனால் தேங்கியிருக்கவேண்டிய சரக்கு நகர்ந்தது. பண்டிகை சின்னதாகிவிட்டால் பொட்டலத்தையும் சின்னதாக்க வேண்டும் என்று அப்போது படித்துக்கொண்டேன்.

தாத்தாவுக்குக் கொரோனா வருமா?

இது என் பேரனின் கேள்வி மட்டுமல்ல, உலகத்துப் பிள்ளைகளின் கேள்வி. வயதானவர், பருத்த உடம்பு, வீடு வீடாகப் போகிறவர்; பயம் வராதா? டிசம்பர் 14-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் மரியா வான் கெர்கோவ், கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி உண்டு, ஆனாலும் பிள்ளைகள் அவரிடமிருந்து இடைவெளி விட்டு நிற்கவேண்டும் என்று சொன்னார். அமெரிக்காவின் டாக்டர் ஆண்டனி ஃபௌசி, தாமே வடதுருவம் போய் அவருக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வந்ததாகத் தொலைக்காட்சியில் பிள்ளைகளிடம் சொன்னார். பெரிய பெரிய நிபுணர்கள் அந்த நெருக்கடியிலும் பிள்ளைகளின் கேள்வியை மதித்துப் பதில் சொன்னதை நான் மெச்சுகிறேன். நம் நாட்டிலோ முதல் தடுப்பூசி 2021 ஜனவரி 16-ஆம் தேதிதான் போடப்பட்டது.

பேத்தி அந்தச் செய்தியைத் தம்பிக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். அவன் சிரித்தான். அந்த அங்கியைப் போட்டவர் ஆகஸ்டிலேயே போய்விட்டாரே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

25-ஆம் தேதி

பண்டிகை நெருங்கும்போது இங்கிலாந்தில் புதுவகைக் கிருமி என்று செய்தி வந்து, அங்கிருந்து வரும் விமானங்களை நம் அரசு நிறுத்திவைத்தது. ரோமாபுரியில் போப்பாண்டவரின் நள்ளிரவுப் பூசையே இரவு ஏழரை மணிக்கு நடந்தது. பத்து மணிக்கு அங்கே ஊரடங்கு.

65 வயதுக்கு மேற்பட்டவர்கள், நோயுள்ளவர்கள், கர்ப்பிணிகள், 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று மத்திய அரசின் அறிவுரை. எனக்கு 64 வயது, சர்க்கரை நோயும் உண்டு. ஆக, மகனும் மருமகளும் முகக்கவசம் போட்டு ஆலயத்துக்குப் போனார்கள். நானும், என் மனைவியும், மதினியும், இரண்டு பிள்ளைகளும் வீட்டில்.

முந்தின நாளே பேத்தி சொன்னபடி, பிஸ்கட் அட்டைப்பெட்டியை வெட்டிச் சாக்கு ஒட்டிக் குடில் செய்திருந்தேன். செல்போனில் ஆராதனை பார்த்தோம். பேரன் பாட்டுக்கு நடுவே தூங்கிவிட்டான். விழித்ததும் கேக்குக்கு முட்டை அடிக்க உட்கார்ந்தான்.

பிறகு மதினி பீரோவிலிருந்து சிவப்பு அங்கியை எடுத்துத் தந்தார்கள். அண்ணன் என்னைவிட உயரம். தரையில் இழுபட இழுபட, தாடிக்கு மேல் முகக்கவசம் போட்டு வாசலில் நின்று மணி அடித்தேன். பேரன் ஆறடி தள்ளி நின்று உற்றுப் பார்த்தான். "தாத்தா, மாஸ்க்க மூக்குக்கு மேல போடுங்க" என்றான். செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டானாம்! ஆகஸ்டுக்குப் பிறகு அன்றுதான் மதினி சிரித்தார்கள்.

ஒரு வேண்டுகோள்

போன வருஷம் பேத்தியிடம், அந்தக் கிறிஸ்துமஸில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். குடிலையோ கலர் பென்சிலையோ சொல்வாள் என்று நினைத்தேன். "நீங்க அன்னைக்கு வீட்ல முழிச்சிருந்தீங்க" என்றாள்.

2021-லிருந்து 24-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு என் கடை அடைக்கப்படும். முதல் வருஷம் வியாபாரம் கொஞ்சம் குறைந்தது உண்மை. அடுத்த வருஷம் வாடிக்கையாளர்களே மதியத்துக்குள் வந்து சரக்கெடுக்கப் பழகிக்கொண்டார்கள். என் கடையில் மூட்டை தூக்கும் இருவருக்கும் சிறுபிள்ளைகள் உண்டு. அவர்களும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருக்கிறார்கள்.

தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் எதுவானாலும், முந்தின நாள் மாலை அந்தப் பண்டிகை கொண்டாடும் ஊழியர்களையாவது ஐந்து மணிக்கு விட்டுவிடவேண்டும் என்று நம் சங்கம் பொதுக்குழுவில் பேசி முடிவெடுக்கவேண்டும். இது என் பணிவான வேண்டுகோள். கல்லா எங்கும் போய்விடாது என்று சொன்னவர் என்னைவிட நல்ல வியாபாரி.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துக்கள்.