மூலக்கூறு மாறும், நினைவு மாறாது

சிவகாசியிலும் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கமும் ஆண்டு முழுவதும் வெடி ஆபீஸ் வேலைதான். மருந்து வாசனையும் வெடிச் சத்தமும் அங்குள்ள பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆனாலும் முதன்முதலில் கம்பி மத்தாப்பு பிடித்தது எப்போது என்று கேட்டுப்பாருங்கள். பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டது அப்பாவா, அத்தையா என்பதுவரை சொல்வார்கள்.

அந்த நினைவு மூளையில் இருக்கிறது, சரி. மூளையில் எதன்மேல் எழுதியிருக்கிறது?

மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உண்டு. ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் சேதி சொல்லும் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். நாம் ஒன்றைக் கற்கும்போது சில சினாப்ஸ்கள் வலுவாகின்றன. 1973இல் டிம் பிளிஸ், டெர்யே லோமோ இருவரும் முயலின் மூளையில் இதைக் கண்டார்கள். சிறிது நேரம் வேகமாக மின்துடிப்பு கொடுத்தார்கள். துடிப்பை நிறுத்தி மணிக்கணக்கில் ஆன பிறகும் அந்த சினாப்ஸ்கள் வலுவாகவே இருந்தன.

இங்கேதான் சிக்கல். சினாப்ஸ் புரதங்களால் ஆனது. புரதம் நெடுநாள் தாங்காது. பெரும்பாலானவை சில நாட்களிலோ வாரங்களிலோ சிதைந்துபோக, செல் புதியதைச் செய்து வைக்கிறது. நீங்கள் மத்தாப்பு பிடித்த அன்று சினாப்ஸில் இருந்த புரதங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. பிறகு நினைவு மட்டும் எப்படி இருக்கிறது? 1984இல் இந்தக் கேள்வியை அழுத்திக் கேட்டவர் பிரான்சிஸ் கிரிக். டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவராயிற்றே, அவரேதான்.

அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஜான் லிஸ்மன் ஒரு விடை சொன்னார். பின்னர் அந்த விடை சினாப்ஸில் ஏராளமாக இருக்கும் ஒரு புரதத்தின்மேல் வந்து நின்றது. அதற்கு கேம்கைனேஸ்-2 என்று பெயர். அதில் 12 துண்டுகள், ஆறு ஆறாக இரண்டு வளையங்கள். ஒரு துண்டில் பாஸ்பேட் ஒட்டினால் அது விழித்துக்கொள்ளும். விழித்த துண்டு பக்கத்துத் துண்டிலும் பாஸ்பேட்டை ஒட்டி அதையும் எழுப்பிவிடும். பாஸ்பேட்டைப் பிய்த்தெடுக்க வேறொரு புரதம் உண்டு. இந்த இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில்தான் நினைவு நிற்கிறது என்றார் லிஸ்மன்.

கம்பி மத்தாப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தீக்குச்சியைக் காட்டியதும் வெடுக்கென்று எடுத்துவிட்டால் பற்றாது. நுனி போதுமான அளவு சூடாகிவிட்டாலோ குச்சியே தேவையில்லை. எரிந்த மருந்தின் வெப்பம் அடுத்த மருந்தைப் பற்ற வைக்கும். ஒரு வரம்புக்குக் கீழே அணைந்துவிடும், மேலே போனால் தானே தொடரும். சினாப்ஸின் கணக்கும் அதுதான். ஒரே வேறுபாடு: மத்தாப்பில் மருந்து தீர்ந்தால் கதை முடிந்தது. சினாப்ஸுக்கோ செல் புதுத் துண்டுகளைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. தூங்கியபடி வந்து சேரும் புதுத் துண்டை, விழித்திருக்கும் பழைய துண்டுகள் எழுப்பிவிடுகின்றன.

இது நடக்குமா என்று எப்படிப் பார்ப்பது? கணக்குப் போட்டுத்தான். நீங்களும் போடலாம்.

தாயம் ஆடத் தேய்ப்பதுபோல் 24 புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்துக்கொள்ளுங்கள். 12 கொட்டைகளின் வெள்ளைப் பக்கத்தில் பேனாவால் புள்ளி வைத்து, அந்தப் பக்கம் தெரியப் பரப்புங்கள். வெள்ளை என்றால் விழிப்பு, கருப்பு என்றால் தூக்கம். கண்ணை மூடி ஒரு கொட்டையை எடுத்துவிடுங்கள். புரதம் ஒன்று சிதைந்துவிட்டது. மீதி 11இல் கண்ணை மூடியே மூன்றைத் தொடுங்கள். அவற்றில் எந்த நிறம் அதிகமோ, அந்த நிறம் தெரியப் புள்ளியில்லாத கொட்டை ஒன்றை வையுங்கள். மூலக்கூறுகள் சொன்னபடி கேட்பவை அல்ல. அதனால் ஒவ்வொரு முறையும் பகடையும் உருட்டுங்கள். 1 விழுந்தால் மட்டும் நாணயம் சுண்டி நிறத்தை முடிவுசெய்யுங்கள்.

புள்ளி வைத்த 12 கொட்டைகளும் வெளியேற, சராசரியாக 37 முறை ஆட வேண்டியிருக்கும். அப்போது பாருங்கள். பழைய கொட்டை ஒன்றுகூட இருக்காது. ஆனாலும் பெரும்பாலும் பத்துப் பதினொரு கொட்டைகள் வெள்ளையாகவே கிடக்கும். எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இனி விதியைக் கொஞ்சம் மாற்றுங்கள். 1, 2, 3 எது விழுந்தாலும் நாணயம் சுண்டினால், போகப்போகப் பாதி வெள்ளை, பாதி கருப்பு என்று கலந்துவிடும். நினைவு போயிற்று. பழைய விதியோடு நான்கே கொட்டைகளை வைத்து ஆடினாலும், 12ஐ விட மிகச் சீக்கிரம் நிறம் புரண்டுவிடும். 2005இல் பால் மில்லரும் லிஸ்மன் முதலானோரும் கணினியில் உண்மையான புரதத்துக்கே இப்படிக் கணக்குப் போட்டார்கள். மூலக்கூறுகள் கொஞ்சம் கூடினாலே நினைவின் ஆயுள் பல மடங்கு கூடுகிறது என்று தெரிந்தது.

இந்தக் கணக்கில் நம் நாட்டவர் பங்கு பெரிது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உபிந்தர் பல்லாவும் நியூயார்க்கின் ரவி ஐயங்காரும் 1999இல் ஒரு கணினி மாதிரியை வெளியிட்டார்கள். செல்லின் சேதிப் பாதைகள் ஒன்றையொன்று தூண்டும்படி வளையமாக இணைந்தால், தூண்டல் நின்ற பிறகும் விழிப்பு நீடிக்கும் என்று அது காட்டியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பைத் தொடங்கி அமெரிக்கா சென்ற ஜான் குரியனின் குழு, 2014இல் கேம்கைனேஸ்-2 வளையங்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதைச் சோதனையில் கண்டது. அதனால் என்ன பயன்? 2018இல் பல்லாவும் திலாவர் சிங்கும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். துண்டு மாற்றிக்கொண்டால், புரதம் சிதைவதால் வரும் மறதி குறைகிறது.

நினைவைக் காப்பது இந்த ஒரு புரதம்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை.

கொட்டைகளை வைத்து ஆடும்போது, ஒவ்வொரு முறையும் வெள்ளை எத்தனை என்று நோட்டில் குறித்து வரைபடம் போடுங்கள். ஆறு வெள்ளை, ஆறு கருப்பில் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை மட்டும் நான் சொல்லப்போவதில்லை. வகுப்பில் ஆளுக்கொரு முறை ஆடிப்பார்த்து, எல்லாருடைய வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.