கொயினாவும் கஞ்சியும்

இலங்கையின் அண்மைக்காலச் சரித்திரத்திலே 1934ஆம் ஆண்டின் இறுதியும் 1935ஆம் ஆண்டின் முற்பகுதியும் மறத்தற்கரிய மாதங்களாம். அக்காலத்தில் இத்தீவின் குடிசனத்தொகை ஏறக்குறைய 55 இலட்சம். அவர்களுள் 15 இலட்சம் பேர் வரையில் மலேரியாக் காய்ச்சலாற் பீடிக்கப்பட்டனர். 80,000 பேர் அளவில் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. இறந்தோருட் குழந்தைகள் மிகப் பலர்.

மலேரியா இலங்கைக்குப் புதிய நோயன்று. வரண்ட பகுதிகளிலே அது ஆண்டுதோறும் வந்து போவது. அங்கு வாழ்ந்தோர் உடலில் அதனைத் தாங்கும் வலிமை ஓரளவு வளர்ந்திருந்தது. மழை வளம் மிக்க தென்மேற்குப் பகுதியின் நிலை வேறு. அங்கே ஆறுகள் வற்றாது ஓடி, நுளம்பின் குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும். 1934இலே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் ஓட்டம் நின்று, மணற்படுகையிலே சிறு சிறு குட்டைகளாகத் தேங்கின. வெயில் படும் தெளிந்த நீரிலே பெருகும் அனோபிலிஸ் இன நுளம்புக்கு அக்குட்டைகள் தொட்டில்களாயின. கேகாலை, குருநாகல் மாவட்டங்களின் மக்கள் இந்நோயை எதிர்க்கும் வலிமை இல்லாதவர்கள். ஆகவே காய்ச்சல் காட்டுத்தீயெனப் பரவிற்று.

அரசாங்கம் தற்காலிக ஆஸ்பத்திரிகளையும் மருந்து வழங்கும் நிலையங்களையும் திறந்தது. கொயினா ஊரூராக விநியோகிக்கப்பட்டது. மருந்து கிடைத்த பின்னரும் மரணம் ஏன் தொடர்ந்தது என நேயர்கள் வினவக்கூடும். விடை அடுப்படியில் இருந்தது. 1930ஆம் ஆண்டை அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தால் தேங்காய், இறப்பர் ஆகியவற்றின் விலை வீழ்ந்து, கூலி வேலை அருகியிருந்தது. வரட்சியால் வயலும் விளையவில்லை. நோய்க்கு முன்னரே பசி வீட்டினுள் நுழைந்துவிட்டது. ஒரே வீட்டிலே தாயும் தந்தையும் மக்களும் ஒருங்கே படுக்கையில் வீழ்ந்தபோது, மருந்து நிலையத்துக்கு நடந்து செல்லவோ ஒரு வாய் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கவோ ஆளில்லை. மெலிந்த உடல் முதற் காய்ச்சலுக்குத் தப்பினாலும், அது மீண்டும் வந்தபோது தாங்கவில்லை.

இவ்வுண்மையை நேரிற் கண்டு தொண்டு புரிந்தோருள் சூரியமல் இயக்கத்தினர் குறிப்பிடத்தக்கவர். அவ்வியக்கம் மலேரியாவின் பொருட்டுத் தோன்றியதன்று. முதலாம் உலகப் போரில் மாண்டோர் நினைவாக நவம்பர் 11ஆம் நாளில் விற்கப்பட்ட பொப்பிப் பூவின் வருவாயிற் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குச் சென்றது. அதற்கு மாறாக, நம் நாட்டுப் பூவரசம்பூவை விற்று, வரும் பணத்தை இந்நாட்டவர்க்கே பயன்படுத்த எழுந்த இயக்கம் அது. கொள்ளைநோய் வந்ததும் அவ்விளைஞர்கள் கிராமங்களை நோக்கிச் சென்றனர்.

வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் இத்தொண்டில் முன்னின்றனர். நோயாளிகளிற் பலர் போதிய உணவின்றி நலிந்திருந்ததை அவர்கள் கண்டனர். ஆகவே மருந்தோடு உணவும் கொண்டுபோயினர். மார்மைட் எனப்படும் ஈஸ்ட் சத்தை உருண்டைகளாக்கி வழங்கினர். அரிசி, பருப்பு முதலிய உலருணவுகளும் பகிரப்பட்டன. பருப்பு வழங்கிய பெரேராவைக் கிராமத்தவர் ‘பருப்பு மகாத்தயா’ என அன்புடன் அழைத்தனர் என்பர். பட்டமும் பதவியும் தராத பெருமையை ஒரு பிடி பருப்பு தந்தது.

இவ்வரலாறு தொண்டு செய்வோர்க்கு உணர்த்துவன சில உள. முதலாவது, உதவி நோயாளியின் வாயிலைத் தேடிச் செல்லவேண்டும். நடக்கவியலாதவனுக்கு நான்கு கட்டைக்கு அப்பாலுள்ள மருந்து இல்லாத மருந்தேயாம். இரண்டாவது, காய்ச்சல் தணிந்த நாளோடு உதவி முடிந்துவிடலாகாது. உடல் தேறி மீண்டும் மண்வெட்டி பிடிக்கும் வரை உணவு வேண்டும். மூன்றாவது, பெறுவோனின் மானம் காக்கப்படவேண்டும். பஞ்சத்தில் வீழ்ந்த உழவன் இரவலன் அல்லன். நேற்றுவரை பிறர்க்கு நெல் அளந்தவன்.

ஆயினும் தனியார் தருமத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தொண்டர் சிலர் எத்துணை உழைப்பினும் ஆற்றுக் குட்டைகள் யாவற்றையும் அவர்களால் மூடவியலாது; ஒரு நாட்டின் வறுமையையும் தீர்க்கவியலாது. அதற்கு அரசின் நிலையான சுகாதாரப் பணி வேண்டும். அத்தகைய பணி பின்னர் இந்நாட்டிலே படிப்படியாக வளர்ந்தது. 1963இலே மலேரியா நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. விழிப்புத் தளர்ந்ததும் அடுத்த சில ஆண்டுகளிலேயே நோய் பேருருக்கொண்டு மீண்டது. நெடுங்கால உழைப்பின் பின்னர், 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில், இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நிலையான சுகாதாரப் பணி இல்லாத காலத்திலே, கிராமத்து ஒற்றையடிப் பாதையில் ஒரு கையிற் கொயினாவும் மறுகையில் அரிசிப் பையுமாக நடந்தவர்கள் பல உயிர்களைக் காத்தனர். கொள்ளைநோய் எந்நாட்டில், எப்பெயரில் வந்தாலும், முதலிற் சாய்வது பசித்த வீடே. உதவிக்குப் புறப்படுவோர் முதலில் நோக்கவேண்டியது அவ்வீட்டின் அடுப்பையாம்.